ஃபிளைட் சிமுலேட்டரில் கிராஃபிக்ஸ் டிரைவர் கிராஷ்: எங்கே தேடுவது, எதை மாற்றுவது

ஹீத்ரோவில் இறங்கும் நேரம். ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் சிக்னலைப் பிடித்தாயிற்று, சக்கரமும் இறக்கியாயிற்று. திரை அப்படியே உறைகிறது. இன்ஜின் சத்தம் மட்டும் இரண்டொரு நொடி ஓடுகிறது. ஒரு கணம் கறுப்பு, பிறகு டெஸ்க்டாப். கிராஃபிக்ஸ் டிவைஸில் ஏதோ சிக்கல் என்று ஒரு சின்னப் பெட்டி வந்தாலும் வரும், வராமலும் போகும். உடனே பலரும் செய்வது, கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாக இறக்கிப் போடுவதுதான். சில நேரம் அது பலிக்கும். பல நேரம் அடுத்த வாரமே அதே இடத்தில் அதே கதை.

பெட்டியில் டிரைவர் பெயர் வந்துவிட்டது என்பதற்காகக் குற்றமும் டிரைவருடையது ஆகிவிடாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே டிடிஆர் (TDR) என்று ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் முடியவும் இல்லை, நடுவில் நிறுத்தவும் முடியவில்லை என்றால், கார்டு ஹேங் ஆகிவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும். டெஸ்க்டாப் மீண்டு வந்துவிடும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டில் சிமுலேட்டர் ஏற்றி வைத்திருந்தவை அத்தனையும் அழிந்துபோவதால் சிம் (சிமுலேட்டர்) மூடிக்கொள்ளும். 60 நொடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நீலத் திரை வரும், குறியீடு 116. கார்டு ஏன் ஹேங் ஆனது என்பது டிடிஆருக்குத் தெரியாது. அளவுக்கு மீறிய கிளாக் (வேகம்), போதாத மின்சாரம், கெட்டுப்போன ரேம், சிம்மில் கூடுதலாகச் சேர்த்த ஆட்-ஆன் ஒன்றின் கோளாறு, நிஜமான டிரைவர் பக் என எல்லாமே வெளியில் ஒரே முகத்தைத்தான் காட்டும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் சாட்சியத்தைச் சேகரிக்க வேண்டும்.

கீழே உள்ளவை மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன் 12 மூன்றுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் பெயர் சொல்லியிருக்கிறது.

லாக் என்ன சொல்கிறது?

கிராஷ் ஆன மணி, நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய் அந்த நிமிடத்தைப் பாருங்கள்.

டிஸ்பிளே என்ற பெயரில் 4101 என்ற ஈவென்ட் எண் இருந்தால் அது டிடிஆர்: டிரைவர் நின்றது, மீண்டது. என்விடியா கார்டு என்றால் என்விஎல்டிடிஎம்கேஎம் (nvlddmkm) என்ற பெயரில் 13, 14 அல்லது 153 பதிவாகியிருக்கும். அந்தப் பெயர் டிரைவர் கோப்பின் பெயர், அவ்வளவுதான். தகவல் தந்தவர் யார் என்பதை அது சொல்லும், தப்பு செய்தவர் யார் என்பதைச் சொல்லாது.

டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் எதைக் கண்டாலும் டிரைவரை மறந்துவிட்டு ஹார்டுவேர் பக்கம் திரும்புங்கள். 17 என்றால் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் பிழை வந்து திருத்தப்பட்டிருக்கிறது. கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டு கார்டை நேராக போர்டில் சொருகிப் பார்க்கவும். முடியாவிட்டால் பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3-க்கு (மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்) இறக்கவும். 16 லேன் உள்ள கார்டில் வேக இழப்பு சொற்பம். 18 என்றால் சிபியு, ரேம் பக்கம் பார்க்க வேண்டும்.

நீலத் திரைகூட இல்லாமல் கம்ப்யூட்டரே அணைந்து, கெர்னல்-பவர் 41 மட்டும் மிஞ்சியிருந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். 41 என்பதன் பொருள் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே. யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் அதுதான் வரும்.

அடுத்து, பக்கத்திலேயே இருக்கும் அப்ளிகேஷன் லாகில் 1000 என்ற எண்ணைத் தேடுங்கள். அதில் பிழை விளைந்த மாட்யூலின் பெயர் இருக்கும். சிம்மின் சொந்த எக்ஸ்இ கோப்பும் சி0000005 என்ற குறியீடும் இருந்து, சிஸ்டம் லாகில் 4101 முதலான எதுவும் இல்லையென்றால், அது கிராஃபிக்ஸ் கிராஷ் என்றே சொல்ல முடியாது. நினைவகத்தைத் தவறாகத் தொட்ட ஆட்-ஆனோ சிம்மின் பக்கோ இருக்கலாம். டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டாலும் அது தீராது.

சிம்மே குறியீடு காட்டினால் கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். 887ஏ0006 என்றால் கார்டு ஹேங் ஆகியிருக்கிறது. 887ஏ0007 வந்தால் கார்டு ரீசெட் ஆகியிருக்கிறது. 887ஏ0020 டிரைவரின் உள்ளே விளைந்த பிழை, டிரைவர்மேல் நியாயமாகப் பழி போடக்கூடிய இடம் இதுதான். 887ஏ0005 வந்தால் கார்டு விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மாறியிருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பின்னணியில் டிரைவரை மாற்றினாலும் 0005 வரும் என்பதால், அன்றைய அப்டேட் வரலாற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்-பிளேனில் வேலை எளிது. அதன் ஃபோல்டரிலேயே லாக்.டிஎக்ஸ்டி இருக்கும். கடைசி முப்பது வரியைப் படித்தால் போதும். வல்கன் டிவைஸ் லாஸ்ட் என்றிருந்தால் கார்டு விழுந்திருக்கிறது. பிளகின் பெயரோடு முடிந்திருந்தால் அந்த பிளகினைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிம்மை மீண்டும் திறந்தால் பழைய லாக் அழிந்து புதிது எழுதப்படும். திறக்கும் முன்னரே நகலெடுத்து வைக்கவும்.

ஒரே பறப்பு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

மூன்று மணி நேரப் பறப்பில் எப்போதோ வரும் கிராஷை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. சீக்கிரம் விழவைக்கும் ஒரு சோதனை வேண்டும். சிம்மோடு வரும் ஏ320 நியோ, ஹீத்ரோ அல்லது நியூயார்க் ஜேஎஃப்கே, மேகம் நிறைந்த ஒரே முன்னமைவு, ஒரே நேரம். கேட்டில் பத்து நிமிடம், பிறகு ஊருக்கு மேலே 2,000 அடியில் முப்பது நிமிடம், நடுநடுவே வெளிக் கேமராவுக்கும் காக்பிட்டுக்கும் மாறிக்கொண்டே இருங்கள். முன்பு இருபதாவது நிமிடத்தில் விழுந்தது இப்போது மூன்று சுற்றும் தாங்கினால் அந்த மாற்றம் வேலை செய்திருக்கிறது. ஐந்து மாற்றத்தைச் சேர்த்துச் செய்து கிராஷ் நின்றால், எது மருந்து, எது தண்ணீர் என்று கடைசிவரை தெரியாது.

முதல் சுற்று ஆட்-ஆன் இல்லாமல். மைக்ரோசாஃப்ட் சிம்மில் ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றைப் போடவும். கிராஷுக்குப் பிறகு திறக்கும்போது சேஃப் மோடில் போகலாமா என்று சிம்மே கேட்டால் சரி என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே பலனைத் தரும். எக்ஸ்-பிளேனில் ரிசோர்ஸஸ் ஃபோல்டருக்குள் பிளகின்ஸ் இருக்கும். நீங்கள் சேர்த்தவற்றை மட்டும் வெளியே நகர்த்தவும், சிம்மோடு வந்தவற்றைத் தொடவேண்டாம். கிராஷ் நின்றால் ஆட்-ஆன்களைப் பாதி பாதியாகத் திருப்பி வையுங்கள். நாற்பது ஆட்-ஆன் இருந்தாலும் ஆறு சுற்றில் குற்றவாளி அகப்படும்.

அடுத்த சுற்றில் டிஸ்கார்ட் ஓவர்லே, எக்ஸ்பாக்ஸ் கேம் பார், ரிவாட்யூனர், ரெக்கார்டிங் மென்பொருள், மதர்போர்டோடு வரும் நஹிமிக் ஆடியோ எல்லாவற்றையும் மூடுங்கள். திரையில் எதையாவது வரைகிற அல்லது சிம்முக்குள் நுழைந்து உட்காருகிற எந்த மென்பொருளும் சந்தேக வளையத்தில்தான்.

கிளாக்: ஃபிளைட் சிம்முக்கே உரிய பொறி

“ஃபர்மார்க்கை ஒரு மணி நேரம் ஓட்டினேன், கார்டு அசையவில்லை, ஓவர்கிளாக்கில் தப்பில்லை” என்று சொல்பவர்கள் அதிகம். கார்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் அந்தச் சோதனை இங்கே செல்லாது. ஃபர்மார்க்கில் கார்டு மின்வரம்பில் முட்டி நிற்கும். அதனால் கிளாக்கும் வோல்டேஜும் தானாக இறங்கியிருக்கும். ஃபிளைட் சிம்மில் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் சிபியுவின் மெயின் த்ரெட். கார்டு 60, 70 சதவீத வேலையில் மூச்சு வாங்காமல் இருக்கும், மின்வரம்புக்கு இடமிருப்பதால் பூஸ்ட் கிளாக் உச்சியிலேயே நிற்கும். வோல்டேஜுக்கேற்ற கிளாக்கைக் காட்டும் கர்வின் அந்த மேல்முனைதான் ஓவர்கிளாக்கிலும் (வேகத்தை ஏற்றுவது) அண்டர்வோல்ட்டிலும் (வோல்டேஜைக் குறைப்பது) மிகப் பலவீனமான இடம். மேகத்துக்குள் நுழையும்போது சுமை ஒரே அடியாக ஏறும், வெளியே வந்தால் இறங்கும். கார்டு தடுக்கி விழுவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். மற்ற கேம்களெல்லாம் ஒழுங்காக ஓடி சிம் மட்டும் விழுவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் ரீசெட் அடித்து, விண்டோஸோடு தானாகத் தொடங்குவதை நிறுத்துங்கள். அண்டர்வோல்ட்டும் ஓவர்கிளாக்கின் தம்பிதான், அதையும் நீக்க வேண்டும். கம்பெனியே கிளாக் ஏற்றி விற்ற கார்டாக இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவுக்குள் டிபக் மோட் என்றொன்று இருக்கிறது. அதைத் தட்டினால் கார்டு என்விடியாவின் அடிப்படைக் கிளாக்குக்கு இறங்கிவிடும். மெனுவில் அந்த வரி மங்கலாக இருந்தாலோ கார்டு ஏஎம்டியாக இருந்தாலோ, கோர் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்துச் சோதியுங்கள். போதவில்லையென்றால் 100. இன்னொரு சுற்றில் ஃபிரேம் ரேட்டை 30 அல்லது 40-க்குக் கட்டுப்படுத்துங்கள். தாவல் குறையும், சூடும் குறையும். 100 குறைத்தபின் கிராஷ் அறவே நின்றால், கார்டு விற்கப்பட்ட வேகத்திலேயே அது நிலையாக ஓடவில்லை என்று பொருள். வாரண்டி இருக்கும்போதே பேச வேண்டிய விஷயம் அது.

டிரைவரைச் சுத்தமாக மாற்றுவது

புதியதே சிறந்தது என்ற எண்ணம் இங்கே உதவாது. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த 572 வரிசை டிரைவர்களில் கறுப்புத் திரைச் சிக்கல் பரவலாக வந்தது. பழைய கார்டு வைத்திருந்த பலர் 2024 டிசம்பரில் வந்த 566.36-க்குத் திரும்பிப் போனார்கள். நிறையத் திருத்தங்களோடு 576.02 வந்தது ஏப்ரலில்தான். கிராஷ் எந்தத் தேதியில் தொடங்கியதோ அதற்கு முந்தைய டிரைவரை முதலில் போடுங்கள். அதிலும் விழுந்தால் இப்போதைய டிரைவர். இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்தால் டிரைவரை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள், பத்து பதிப்பைச் சோதிப்பது வீண்.

பழைய டிரைவரின் மேலேயே இன்ஸ்டால் செய்வதைவிட டிடியு என்ற டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரால் துடைத்துவிட்டுப் போடுவது நல்லது:

1. வேண்டிய டிரைவரையும் டிடியுவையும் முன்கூட்டியே இறக்கி டிஸ்க்கில் வையுங்கள். ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றும் எடுங்கள்.
2. பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரிகவரி கீயை மொபைலிலோ காகிதத்திலோ எழுதிக்கொள்ளுங்கள், சேஃப் மோடுக்குப் போகும் வழியில் கேட்கும். சேஃப் மோடில் பின் நம்பர் சில நேரம் ஏற்காது. அக்கவுன்ட் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.
3. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இதைத் தவறவிட்டால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு பழைய டிரைவரைப் போட்டுவிடும்.
4. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4.
5. டிடியுவில் ஜிபியு, உங்கள் கார்டின் கம்பெனி இரண்டையும் தேர்ந்து, துடைத்து ரீஸ்டார்ட் செய்யும் முதல் பட்டனை அழுத்துங்கள்.
6. நெட் இல்லாமலே டிரைவரை இன்ஸ்டால் செய்து, இன்னொரு ரீஸ்டார்ட் கொடுத்தபின் நெட்டை இணையுங்கள்.

இதன்பின் முதல் பறப்பில் சிம் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும். ஷேடர் கேஷ் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்களின் சேமிப்பு) புதிதாக உருவாவதால் வருவது அது. அதை வைத்து டிரைவரை எடைபோட வேண்டாம். டிடியுவெல்லாம் வேண்டாம் என்பவர்கள் குறைந்தது டிஸ்க் கிளீனப்பில் டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷை மட்டுமாவது அழித்துப் பார்க்கலாம். பழைய டிரைவரில் உருவான கேஷ் பழுதாகி லோடிங் திரையிலேயே விழுவது உண்டு.

லேப்டாப் என்றால் இரண்டு டிரைவர் இருக்கும், உள்ளே இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு ஒன்று, தனிக் கார்டுக்கு ஒன்று. இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய் சிம்முக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கார்டைத் தேர்ந்து வையுங்கள்.

2020 பதிப்பில் இன்னொரு எளிய சோதனை: டிஎக்ஸ்12-இல் இருந்தால் டிஎக்ஸ்11-க்கு மாறிப் பறந்து பாருங்கள். 2024 பதிப்பில் அந்த வசதி இல்லை, டிஎக்ஸ்12 மட்டும்தான்.

கார்டைக் குற்றம் சொல்லும் சிபியு

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். அவற்றில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள மாடல்களில், அதிக வோல்டேஜால் சிபியு மெல்ல மெல்லச் சீரழிகிற சிக்கலை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. ஷேடர் உருவாகும் நேரத்தில் கிராஷ், விடியோ நினைவகம் போதவில்லை என்ற பொய்யான எச்சரிக்கை இரண்டும் இதன் பேர்பெற்ற அறிகுறிகள். 16 ஜிபி கார்டில் நினைவகம் போதவில்லை என்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பயாஸை அப்டேட் செய்யுங்கள். 2024 ஆகஸ்டில் 129, செப்டம்பரில் 12பி, 2025-இல் 12எஃப் என மைக்ரோகோட் (சிபியுவின் உள் நிரல்) திருத்தங்கள் வந்தன. பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்து வையுங்கள். ஆனால் மைக்ரோகோட் இனிமேல் கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. கெட்டுவிட்டதா என்று அறிய, பயாஸில் பி-கோர் ரேஷியோவை (வேகமான கோர்களின் கிளாக் பெருக்கி) இரண்டு மூன்று படி இறக்கி, 55 என்றால் 52 அல்லது 53 ஆக்கி, சோதனைப் பறப்பை ஓட்டுங்கள். கிராஷ் நின்றால் குற்றவாளி சிபியு. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது.

ரேமை வேகமாக ஓட்ட பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டிருப்பதும் ஓவர்கிளாக்தான். ஒரு நாள் அதை அணைத்துப் பறந்து பாருங்கள். டிடிஆர்5 (DDR5) ரேம் நான்கு ஸ்டிக் போட்டவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தேறவில்லை என்றே கொள்ளுங்கள். “ஒன்றுதானே” என்று விடக்கூடாது.

மின்சாரமும் சூடும்

8 பின் இணைப்பு ஒன்று 150 வாட்டுக்கு, ஸ்லாட் 75 வாட்டுக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளின் நுனியில் கிளையாகத் தொங்கும் இரண்டாவது பிளக்கைப் பயன்படுத்த வேண்டாம். புதிய 16 பின் இணைப்பாக இருந்தால் இடைவெளி தெரியாமல் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கிலிருந்து முதல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராகப் போன பிறகே கேபிளை வளைக்க வேண்டும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதோடு பறக்கவே கூடாது.

எச்டபிள்யூஇன்ஃபோவில் சென்சார் பதிவை ஓடவிட்டுப் பறந்தால், கிராஷுக்கு முந்தைய நொடிவரை சூடு கோப்பில் இருக்கும். கோர் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) அதைவிட 30 டிகிரிக்கு மேல் எகிறினால் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 110 டிகிரியை நெருங்கினால் கார்டு தானே வேகத்தைக் குறைக்கும். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையில் நடு இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே போகாத நாட்கள் உண்டு. ஜனவரியில் தாங்கிய அண்டர்வோல்ட் அப்போது தாங்காது. கேஸின் பக்கப் பலகையைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஒரு சோதனைப் பறப்பு போனால், சூடுதான் காரணமா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

விடியோ நினைவகம்

மைக்ரோசாஃப்ட் சிம்மில் டெவலப்பர் மோடைப் போட்டு ஃபிரேம் ரேட் பெட்டியைத் திறந்தால் நினைவகக் கணக்கும் தெரியும். 8 ஜிபி கார்டில் 4கே, அல்ட்ரா டெக்ஸ்சர், கூடவே ஃபிரேம் ஜெனரேஷன் என்று போனால் நிரம்பாமல் இருக்காது. நிரம்பியதும் மிச்சம் சாதாரண ரேமுக்கு வழியும், ஃபிரேம் ரேட் ஒற்றை இலக்கத்துக்கு விழும், சில நேரம் டிடிஆரில் போய் முடியும். முதலில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள், பிறகு ரெண்டர் ரெசல்யூஷன். தரைக் காட்சியின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் டெரெய்ன் எல்ஓடியைக் குறைத்தால் முதன்மையாக நிம்மதி அடைவது சிபியு. கார்டு நினைவகத்துக்கு டெக்ஸ்சர் அளவுக்கு அது உதவாது. பேஜ் ஃபைலை அணைத்து வைத்திருந்தால் திரும்ப விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள். ரேம் 32 ஜிபி இருந்தாலும் அது வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி வைத்தியம், கடைசியில்

டிடிஆர் நேரத்தை ஏற்றுவது இணையத்தில் முதல் மருந்தாகச் சொல்லப்படுகிறது. அது ஊன்றுகோல், மருந்து அல்ல. அந்த அமைப்புகளைச் சோதனைக்கும் பிழை தேடவும் மட்டுமே என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கார்டு உண்மையில் ஹேங் ஆகியிருந்தால் 2 நொடிக்குப் பதில் 10 நொடி உறைந்த திரையைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். பலவீனமான கார்டில் விஆர் ஓட்டும்போதோ, ஷேடர் உருவாகும்போதோ ஒரு வேலை நிஜமாகவே 2 நொடியைத் தாண்டினால் மட்டும் பலன் உண்டு. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிராஃபிக்ஸ்டிரைவர்ஸ் வரை போய், டிடிஆர்டிலே (TdrDelay) என்ற பெயரில், இடைவெளி விடாமல், 32 பிட் டிவேர்டு ஒன்றை உருவாக்கி டெசிமலில் 8 போட்டு ரீஸ்டார்ட் செய்யவும். டிடிஆர்லெவலை (TdrLevel) 0 ஆக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். காவலை முழுக்க எடுத்துவிட்டால், கார்டு ஹேங் ஆகும்போது பவர் பட்டனைத் தவிர வழி இருக்காது.

ஹார்டுவேர் ஆக்சலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்கை ஒருமுறை அணைத்துச் சோதிக்கலாம். டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷனுக்கு அது கட்டாயம் என்பதால் ஃபிரேம் ஜெனரேஷனும் கூடவே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் அடிப்படைக் கிளாக்கில், ஆட்-ஆன் இல்லாமல், இரண்டு டிரைவரிலும் விழுகிறது என்றால் கார்டை நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டுங்கள், அவருடைய கார்டை உங்களுடையதில். கிராஷ் கார்டோடு போனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே “கேம் ஆடும்போது ஆஃப் ஆகிறது” என்று மட்டும் சொன்னால், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார்கள். ஈவென்ட் வியூவரின் ஸ்கிரீன்ஷாட், சென்சார் பதிவு, 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தால் நிற்கிறது என்ற குறிப்பு, பில், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.